ஒரு வரியை ஒடித்ததும் அடுமனையில் நேர்ந்ததும்

பெருமதிப்பிற்குரிய அத்தை ருமியானா அவர்களின் திருமுன்பு, ப்ளோவ்திவிலிருந்து மருமகன் ஓக்னியான் பணிந்து எழுதுவது. தங்கள் மகளும் பேத்தியும் நலம். நான் நலமா என்பதைத் தங்கள் மகன் போஜிதார்தான் முடிவு செய்ய வேண்டும். ஞாயிறன்று ஞானத்தந்தையாக நின்று குழந்தையை ஏந்த வேண்டியவர், வரமாட்டேன் என்று சூளுரைத்திருக்கிறார். ஞானத்தந்தை இன்றித் திருமுழுக்கு இல்லை என்கிறார் பாதிரியார். தாங்கள் ஒரு சொல் சொல்லி அவரை இணங்கச் செய்ய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

புனித கியோர்கி திருநாளில் ஊரே ஆட்டுக்குட்டியைத் தட்டில் ஏந்தி, வாட்டித் தரச் சொல்லி போஜிதாரின் அடுமனைக்கு வரும் அல்லவா? யார் எந்நேரம் வர வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் வலைத்தளத்தை எங்கள் அலுவலகமே ஆக்கிக் கொடுத்தது, நிரல் என்னுடையது, பழுதின்றி இயங்கிற்று. என் அலுவலகத் தலைவி ஸ்னெஜானாவோ, நிரலின் எவ்வரியும் எண்பது எழுத்தைத் தாண்டலாகாது என்னும் கொள்கையர். என் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது வரியா, ரயிலா? படிக்கறதுக்குள்ள கழுத்து சுளுக்கிக்குது. ஒடிச்சுப் போடு!"

ஒடித்தேன். 'திருப்பிக் கொடு' என்னும் கட்டளையை ஒரு வரியில் நிறுத்தி, கொடுக்க வேண்டிய நேரத்தை அடுத்த வரிக்கு இறக்கினேன். பேசுவோன் மூச்சு வாங்கும் இடத்தில் பேச்சே முடிந்ததென்று எழுந்து போகும் மொழி உலகில் உண்டா? உண்டு, ஜாவாஸ்கிரிப்ட்! அக்கட்டளையை அடுத்து வரி முறிந்தால், சொல்ல வந்தது முடிந்தது என்று அதுவே கருதிக்கொண்டு வெறுங்கையைத் திருப்பிக் கொடுக்கும்; கீழே காத்து நிற்கும் நேரத்தை ஏறெடுத்தும் பாராது; பிழை என்று முணுமுணுக்கவும் செய்யாது.

ஆகவே எல்லோர் கைப்பேசியிலும் நேரத்துக்குரிய இடம் வெறுமையாய் இருக்க, எதற்கும் முந்திக்கொள்வோம் என்று ஊரே விடியலில் தட்டோடு திரண்டு, வரிசை தெருமுனையைக் கடந்து, பேருந்து திரும்ப வழியின்றி நின்று, ஓட்டுநரும் இறங்கி அடுமனையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அடையை வாங்கித் தின்று, பிறகு பூசலும் மூண்டது.

"நான்தான்யா மொதல்ல வந்தேன்!"

"நீ வந்தே, ஒன் ஆடு வந்துச்சா? அது இன்னும் கார்லயே தூங்குது!"

போஜிதார் மாவுக் கையோடு என்னை அழைத்தார். "மாப்ள, ஒன் மெஷினு ஊரையே ஒண்ணா ஓட்டிக்கிட்டு வந்துருச்சு. எனக்கு இருக்கறது ஒரே அடுப்புய்யா! ஒன் புள்ளைய நீயே தூக்கிக்க, போ!"

அத்தை, வரியை மீண்டும் ஒட்டிவிட்டேன். ஸ்னெஜானா சீறினாலும், வரி மரித்சா ஆறெனவே நீண்டாலும், இனி என் வாழ்நாளில் ஒடிக்க மாட்டேன். இது உறுதி.

தங்கள் முழங்கால் வலி தணிக. முற்றத்துத் திராட்சை தழைக்க.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ஓக்னியான்

பி.கு.: மடலை உறையிலிடும் வேளையில் போஜிதாரே அழைத்தார். காத்து நின்ற கூட்டம் கடையிலிருந்த பனித்சாவை ஒரு துண்டு விடாமல் விலைக்கு வாங்கித் தின்று தீர்த்ததாம். "ஞாயித்துக்கெழம வந்து புள்ளையத் தூக்குறேன் மாப்ள. ஆனா அந்த வரிய ஒடிச்சே வையி. அடுத்த வருசமும் அப்படியே இருக்கணும்!" ஆதலால் தாங்கள் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டா. ஒடித்துவிட்டேன். ஸ்னெஜானா பார்த்துவிட்டு, "இப்பத்தான் படிக்க லட்சணமா இருக்கு" என்றார்.