உப்பளத்தில் நான் கேட்ட மழை

எல்லாரும் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு சௌகரியம் உண்டு. கெட்டுப்போனால், கெடுத்தது யார் என்று கடைசிவரை தெரியாது. எங்கள் மாதா கோயில் காரியத்தில் மட்டும் அது ஊருக்கே தெரிந்தது. மைக் என் கையில் இருந்தது.

எழுபதுகளில் ஒரு கோடை. மரக்காணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில். கோயிலுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) போடும் விவசாயிகள். உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பிலிருந்து ஒருத்தரும் வந்ததில்லை. "அவங்க வரலைன்னா நாம போவோம். எல்லாரும் சேர்ந்து போவோம்" என்றார் பங்குச் சாமியார். ஆண்கள் அங்கேயே போய்க் கீற்றுப் பந்தல் போட்டார்கள். சுண்டல் மாதர் சங்கத்தின் பொறுப்பு. ஜெபம் சொல்ல நான். (பக்திக்காக இல்லை. தொண்டை அப்படி.)

சாயங்காலம் கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. பந்தலுக்குப் பின்னால், வாரிக் குவித்த உப்பு மூடாமல் வெள்ளைவெளேரென்று கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு மேல் மூளை வேலை செய்யவில்லை.

கண்ணை மூடினேன். கோடையில் ஞாயிறுதோறும் கோயிலில் சொல்லிப் பழகியது தானாக வந்தது.

"ஆண்டவரே, எங்கள் பூமி நனைய நல்ல மழை தாரும்!"

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றார்கள் எங்கள் ஆட்கள், ஒரே குரலில். (இதில் மட்டும் என்ன ஒற்றுமை!) அந்த உற்சாகத்தில், ஏரி குளமெல்லாம் நிரம்பி வழியவும் கேட்டுவைத்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த, உப்பு வாரும் அஞ்சலை அக்கா எழுந்துவிட்டார்.

"ஏம்மா, இன்னா கேக்கிற நீ? மழையா?"

"ஆமாக்கா, நல்ல மழை..."

"அடிப்பாவி! வாரி வச்சதெல்லாம் கரைஞ்சு போச்சுன்னா நாங்க இன்னாத்தைத் தின்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய் மைக்கிலேயே திருத்தம் கொடுத்தேன். "ஆண்டவரே, உப்பளத்தை மட்டும் விட்டுட்டுப் பெய்யும்!"

அதற்கும் எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றார்கள்.

முதலில் கேட்டது ஏற்கெனவே மேலே பாஸாகிவிட்டது போலிருக்கிறது. கடல் பக்கம் இடி இடித்தது. கூட்டம் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது.

"பந்தலைப் பிரிங்கப்பா!" என்று கத்தினார் சாமியார், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு. காலையில் கட்டிய கீற்றையெல்லாம் அவிழ்த்து, எங்களவர்களும் அவர்களுமாக உப்பு அம்பாரங்களின் மேல் போட்டு மூடினோம். நானும் தலையில் கீற்றோடு, அழுதுகொண்டே ஓடினேன். மழை கொட்டித் தீர்த்தது. குவித்து வைத்தது பெரும்பாலும் தப்பியது. பாத்தியில் இருந்தது போயே போய்விட்டது. மறுபடி உப்பு விளையும்வரை அவர்களுக்கு வேலை இல்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் குடியிருப்பே கோயில் வாசலில் வந்து நின்றது. முன்னால் அஞ்சலை அக்கா. நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் பதுங்கினேன். சாமியாருக்கு மட்டும் முகமெல்லாம் பல். "வாங்க வாங்க!" என்றார்.

"சாமி, உங்க ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் அக்கா. "அதான், அந்தப் பொண்ணு மறுபடி வாயைத் தொறக்குறதுக்குள்ள எங்க பக்கத்தையும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

அதற்கு அடுத்த வாரமும் வந்தார்கள். மல்லாட்டைக்காரர்கள் மழை கேட்பார்கள், உப்பளத்தார் வெயில் கேட்பார்கள். சாமியார், "உமது சித்தம்" என்று பொதுவாக முடித்துவிடுவார். என்னை அதன் பிறகு யாரும் மைக் பக்கம் விடவில்லை.

எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் நான் கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்தால் போதும், மருமகள் "அத்தை, ஒரு நிமிஷம் இருங்க!" என்று மொட்டை மாடிக்கு ஓடுகிறாள். வடகம் காய்கிறதாம்.