வாளி வாங்காதவர்

உலகத்தில் இருப்பவர்கள் உண்டு, போனவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: கிளம்பிக்கொண்டே இருப்பவர். பார்க்க ஆசையா? ஏதாவது ஒரு பல்கலைக்கழக விடுதிக்குப் போங்கள். பூட்டிய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல் கதவோரமாகவே நிறுத்திவைத்துவிட்டு, அறைத்தோழனின் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரேதான்.

நமக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். விடுதியில் அவருக்குப் பெயர் டாட்டா. சேர்ந்த முதல் வாரமே, இந்தப் பல்கலைக்கழகம் தன் தகுதிக்குப் போதாது என்று கண்டுபிடித்தார். இரண்டாம் ஆண்டில் ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடுவது என்று முடிவும் கட்டினார். அந்த நிமிடத்திலிருந்து இங்கே அவர் விருந்தாளி. விருந்தாளி எங்கேயாவது வாளி வாங்குவாரா? வாளி, சோப்பு, குடை, துணி காயப்போடும் கொடி எல்லாமே அறைத்தோழனுடையவை.

"ஒரே ஒரு வாளி வாங்கித் தொலையேன்டா" என்று அவன் கெஞ்சுவான்.

"போற இடத்துக்கெல்லாம் அதைத் தூக்கிட்டு அலையணுமா?"

வகுப்பில் அவருக்குக் கதவோர நாற்காலிதான். "உங்க லைப்ரரி", "உங்க புரொபசர்" என்றுதான் பேசுவார். ஒருநாள் நனைந்து வந்தவர், "என்னடா உங்க மழை இப்படிப் பெய்யுது?" என்றார். புராஜெக்டுக்குச் சேர்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். "பாதியில விட்டுட்டுப் போனா உங்களுக்குத்தானே கஷ்டம்?" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். விடுதி நாடகத்தில் பிணமாகப் படுக்கக் கூப்பிட்டபோதும் அதே பதில். ஆனால் ஏரிக்கரை நூலகத்தின் படத்தை மட்டும், பிறந்த குழந்தையின் படத்தைக் காட்டும் தகப்பன் மாதிரி, எதிரே வந்தவருக்கெல்லாம் காட்டினார்.

முதலாண்டு முடிவில் அவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. பெரிய கேக், கட்டிப்பிடிப்பு, கண்ணீர், பரிசாக ஒரு கைக்கடிகாரம். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால், அதே பெட்டியோடு அவரே நிற்கிறார். இடம் கிடைக்கவில்லையாம், அடுத்த செமஸ்டரில் கண்டிப்பாம். அடுத்த விழாவில் கேக் சின்னதாகிவிட்டது, பரிசு பேனாவாகிவிட்டது. கடிகாரத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது விழாவில் ஆளுக்கு ஒரு பிஸ்கட். பாக்கெட்டையும் அவரே வாங்கிவந்தார்.

வீட்டிலும் இதே குழப்பம்தான். "இப்ப எங்கப்பா இருக்கே?" என்பாள் அம்மா போனில். "இங்கதான்மா." "இங்கன்னா எது?"

கடைசியில், யாரும் எதிர்பாராத ஒரு வெள்ளிக்கிழமை, நிஜமாகவே இடம் கிடைத்துவிட்டது. நம்மவர் தாழ்வாரம் முழுக்க ஓடினார். "கிடைச்சிருச்சு! நாளைக்குக் கிளம்பறேன்!"

"சரி சரி, அந்தப் பந்தை எடுத்துப் போட்டுட்டுக் கிளம்பு" என்றார்கள் டேபிள் டென்னிஸ்காரர்கள்.

மறுநாள் அறைத்தோழன் போர்வைக்குள் இருந்தான். "நிஜமாத்தான்டா போறேன்" என்றார் நம்மவர்.

"போயிட்டு வா. வரும்போது சோப்பு வாங்கிட்டு வந்துரு."

பஸ் நிறுத்தம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. கண்டக்டர், சில்லறை இல்லாததால் அழுகிறாரென்று நினைத்து, "அப்புறம் கொடுங்க தம்பி" என்றார்.

ஏரிக்கரையில், படித்துவந்த பாடங்களில் பாதி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மறுபடி இரண்டாம் ஆண்டு. சுற்றிலும் அவரை "அண்ணா" என்று கூப்பிடும் பிள்ளைகள். நூலகம் படத்தில் இருந்தபடியேதான் இருந்தது. உட்காரத்தான் இடமில்லை.

இரண்டு நாள் கழித்து அறைத்தோழன் போன் செய்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே? சோப்பு என்னாச்சு?"

"நான்தான் மாறிட்டேன்னு சொன்னேனேடா."

"நிஜமாவே போயிட்டியா?" எதிர்ப்பக்கம் போர்வையை உதறி எழும் சத்தம் கேட்டது. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

இரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தவரிடம் கேட்ட கேள்வி இது! தன்னிடம் தினமும் சண்டை போட்டுக்கொண்டே வாளியைக் கொடுத்தவன்தான் தனக்கு இருந்த ஒரே சிநேகிதன் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

உடனே ஆள் திருந்தி, கடைக்கு ஓடி ஒரு வாளி வாங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் காலை, புது அறையில் இருந்த பையனின் வாளியை அவர் சத்தமில்லாமல் எடுத்தார்.

"நீங்க ஒண்ணு வாங்கிக்கலையாண்ணா?"

"எதுக்குப்பா? கொஞ்ச நாள்தான். எங்க யுனிவர்சிட்டிக்கே திரும்பப் போயிடலாமான்னு பார்க்கிறேன்."

'எங்க'! அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க அங்கே பழைய ஆட்கள் யாரும் இல்லாமல் போனார்களே!

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு நானும் கிளம்புகிறேன். உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஏன் இன்னும் அலமாரிமேல் சாய்ந்தே கிடக்கிறது? ஆணி அடிக்க நேரமில்லையா, இல்லை, எப்படியும் வேறு வீடு மாறத்தானே போகிறோம் என்ற நினைப்பா? எதிர்வீட்டுக்காரர் பெயராவது தெரியுமா? தெரியாவிட்டால் பரவாயில்லை. அவரிடம் வாங்கிவந்த ஏணியை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.