வாரியல் இருக்கிற போன்

வலியசாலைத் தெருவில் இனி ஒரு போன்கூடத் திணறக் கூடாது என்று நெல்லையப்பன் முடிவெடுத்தார். அன்றிலிருந்துதான் தெருவில் எல்லாப் போனும் திணற ஆரம்பித்தது. இது பிரேமாவின் கட்சி. பிரேமா அவருடைய மனைவி என்பதால், அதை ஒரு கட்சியாகவே அவர் மதிக்கவில்லை.

நெல்லையப்பனுக்கு ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. போன மாதம் ஏதோ விளம்பரத்தைக் கை தவறித் தொட்டார். வீட்டில் வாரியல் என்று சொல்கிற துடைப்பத்தின் படம் போட்ட கிளீனர் ஆப் ஒன்று போனுக்குள் வந்து உட்கார்ந்தது. அதைத் தொட்டால் திரையில் ஒரு துடைப்பம் இப்படியும் அப்படியும் ஓடும். குப்பை பறக்கும். கடைசியில் ஒரு ராக்கெட் புகை கக்கிக்கொண்டு கிளம்பும். "உங்கள் போன் அறுபது சதவீதம் வேகமாகிவிட்டது!" என்று பச்சை எழுத்து வரும். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால் மறுபடியும் குப்பை, மறுபடியும் ராக்கெட், மறுபடியும் அறுபது சதவீதம். இத்தனை அறுபதையும் கூட்டினால் போன் இந்நேரம் கையை விட்டே பறந்திருக்க வேண்டுமே என்று, கணக்கெழுதுகிற மனுஷர் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். ராக்கெட்டைப் பார்த்த பிறகு அவருக்கு யோசனையே வரவில்லை.

தான் பெற்ற இன்பத்தைத் தெருவுக்கும் கொடுத்தார். வீடு வீடாகப் போய் ஆப்பை ஏற்றினார். எதிர்வீட்டு கோமதியம்மாள்தான் முதல் நோயாளி.

"இப்போ எப்படி இருக்கு அக்கா?"

"ராக்கெட் நல்லா இருக்கு."

"போனு?"

"ராக்கெட் போயி முடியட்டும், பாத்துச் சொல்லுதேன்."

அந்தப் பதிலையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். தெருவில் அவருக்கு 'போன் டாக்டர்' என்று பெயர் வந்தது. பெயர் வைத்ததும் அவரேதான்.

மருத்துவம் பார்க்க இணங்காத ஒரே ஆள் பிரேமா. தம்பானூரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. இரண்டு பேர் வைத்திருப்பதும் போன ஓணத்துக்குத் தள்ளுபடியில் ஒன்றாக வாங்கிய ஒரே மாதிரிப் போன்தான். அவர் போனில் துடைப்பம் உண்டு, அவள் போனில் இல்லை.

"உள்ள எம்புட்டுக் குப்பை கெடக்குன்னு உனக்குத் தெரியாது பிரேமா. குடு, போட்டுத் தாரேன்."

"அது குப்பை இல்லங்க. திரும்ப வேணும்னு போனே எடுத்து வெச்சிருக்கது. அடுப்புப் பக்கத்துல கடுகு டப்பா, மஞ்சப்பொடி டப்பா வெச்சிருக்கேன்லா? நிமிஷத்துக்கு ஒருக்கா நீங்க வந்து அதை எல்லாம் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, அடுக்களை சுத்தம்னு கைதட்டினா எப்படி? தாளிக்கணும்னா நான் மறுபடி ஏணி வெச்சுல்லா ஏறணும்?"

"அப்போ எடம் நெறஞ்சு போச்சுன்னா?"

"வேண்டாத வீடியோவை அழிச்சாப் போச்சு. அதுக்குப் போன்லயே வழி இருக்கு. ராக்கெட் எதுக்கு?"

"அடுக்களைக்கும் ஆண்ட்ராய்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டையும் நீங்க ஒழுங்கா சுத்தம் பண்ணினதில்ல."

இத்தோடு நின்றிருந்தால் வழக்கமான காலை நேரத்துப் பேச்சாகப் போயிருக்கும். ஆனால் அந்த வாரம் வேறொரு விஷயம் வீட்டில் புகைந்துகொண்டிருந்தது. பிரேமாவின் தம்பி சுதீஷ் பாளையங்கோட்டையில் வீடு கட்டி முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பால்காய்ப்பு. அம்மா இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் பிரேமா. "அக்காவும் அத்தானும் வெள்ளிக்கிழமையே வந்துரணும், அக்கா கையாலதான் பால் பொங்கணும்" என்று அவன் போனில் சொன்ன அன்றே அவள் பட்டுப்புடவையை எடுத்து வெளியில் வைத்துவிட்டாள்.

நெல்லையப்பனுக்கோ அதே சனி, ஞாயிறில் குற்றாலம். சீசனின் கடைசித் தண்ணீர். கடைக் கூட்டாளி ஜெயன் ஜீப் பேசிவிட்டான்.

"நீ முன்னாடி போ பிரேமா. நான் அருவியில குளிச்சிட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அப்படியே அங்க வந்துருதேன்."

"எலை போடற நேரத்துக்கா?"

"கரெக்டா வந்துருவேன்."

கரெக்டாகத்தான் வருவார். அவள் பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து எதிலும் அவர் இலை போடுகிற நேரத்துக்குப் பிந்தியதே இல்லை, முந்தியதும் இல்லை. சொந்தக்காரர்கள் நடுவில் "மாப்பிள்ளை எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பிரேமாவுக்கு மனம் கசந்து போயிருந்தது. இந்த ஒரு தடவையாவது அவர் பக்கத்தில் நிற்க, அடுப்பில் பால் வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பெரிய ஆசை ஒன்றுமில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஜெயன் குற்றாலத்து லாட்ஜ் படம் ஒன்றை அனுப்பினான். நெல்லையப்பன் தொட்டார். படம் வரவில்லை. துடைப்பம் வந்தது. பின்னாலேயே ராக்கெட்டும், அதற்குப் பின்னால் முடி வளரும் எண்ணெய் விளம்பரமும் வந்தன. அதை மூடுகிற பெருக்கல் குறியை அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கியும் இறக்கியும் தேடினார். பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

டாக்டருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கியா? பந்தயம் வெச்சுக்கிடுவோமா? ரெண்டு போனையும் ஓட விடுவோம். நான் ஜெயிச்சா குற்றாலம். நீ வாயைத் தொறக்கப்பிடாது."

"தோத்தா?"

"தோத்தா வெள்ளிக்கிழமை சாயங்காலமே உன் கூட பஸ் ஏறுதேன். உன் தம்பி வீட்டுல தேங்கா துருவச் சொன்னாலும் துருவுதேன்."

"அப்போ நடுவர் வேணும்," என்றாள் பிரேமா.

நடுவர் நாலு வீடு தள்ளியிருக்கும் ஸ்ரீகண்டன் சார். ட்ரெஷரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். தெருச் சங்கத்தின் செயலாளர். வார்த்தை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பில்லைத் திருப்பி அனுப்பியே பழகிய மனுஷர்.

"ஆதியம் கண்டிஷன் பறயணும். பின்னெ மத்ததெல்லாம்," என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில். முதலில் நிபந்தனையைச் சொல்லியாக வேண்டுமாம்.

"என் போன் ஜெயிச்சா குற்றாலம் சார்," என்றார் நெல்லையப்பன்.

"அப்படி வேண்டாம் சார்," என்றாள் பிரேமா. "அவரு போனா, என் போனாங்கறதுல்ல இங்க தர்க்கம். கிளீனர் ஆப் இருக்கிற போன் ஜெயிச்சா குற்றாலம். அது இல்லாத போன் ஜெயிச்சா பாளையங்கோட்டை. போதும்."

"அது கரெக்டாணு. பரீட்சை ஆப்புக்கு, ஆளுக்கல்ல. நெல்லையப்பா, சம்மதமா?"

"நூறு சம்மதம் சார்!" எப்படிச் சொன்னாலும் ஒன்றுதானே என்று அவருக்குத் தோன்றியது. பெண்களுக்கு வார்த்தையில் ஒரு பிடிவாதம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம், ஸ்ரீகண்டன் சார் வீட்டு முன்னறையில் போட்டி என்று ஏற்பாடாயிற்று.

வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வந்த பிரேமா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். "பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடச்சுட்டு வந்துருதேன்," என்று கிளம்பினாள். அவள் போன் சார்ஜில் கிடந்தது. எப்போதும் பூட்டிக் கிடக்கிற போன் அன்று தொட்டவுடன் திறந்தது. பிள்ளையார் தன் பக்கம்தான் என்று நெல்லையப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டு போனையும் அணைத்து, ஒன்றாக முடுக்கினார். பிரேமாவின் போன் கண் விழித்து, காமிராவைத் திறந்து, சமர்த்தாகப் படம் எடுக்கக் காத்து நின்றது. அவர் போன் அப்போதுதான் துடைப்பத்தைக் கையில் எடுத்தது. மறுபடி பார்த்தார். கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ராக்கெட் கிளம்பியது. போன் மட்டும் கிளம்பவில்லை.

அவருக்கு வியர்த்தது. அருவி கண் முன்னால் வற்றிக்கொண்டே வந்தது. தெருவே டாக்டரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது காதில் கேட்டது. அப்போதுதான் அவர் மூளையில் ஒரு மின்னல் அடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பிரேமாவை ஜெயிக்க இவ்வளவு சுத்தமான வழி அவருக்குத் தோன்றியதில்லை.

தன் போனிலிருந்து துடைப்பத்தை நீக்கினார். "எங்களைப் பிரிய மனம் வந்ததா?" என்று ஒரு அழுமூஞ்சிப் பொம்மை கேட்டது. வந்தது என்று அழுத்தினார். அதே துடைப்பத்தைப் பிரேமாவின் போனில் இறக்கி, கேட்ட அனுமதியை எல்லாம் தாராளமாகக் கொடுத்து, படத்தைக் கண்ணில் படாத கடைசிப் பக்கத்தில் ஒளித்தார். பிறகு இன்னொரு ஒத்திகை. அவர் போன் பாய்ந்தது. அவள் போன் ராக்கெட் விட்டது. நெல்லையப்பன் கூடத்தில் தனியாக ஒரு சுற்று ஆடிவிட்டு உட்கார்ந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்ரீகண்டன் சார் வீட்டில் நல்ல கூட்டம். கோமதியம்மாள் முன்வரிசை நாற்காலியைப் பிடித்திருந்தார். விதி எளிது: அணைத்து வைத்த போனை விசில் கேட்டதும் முடுக்க வேண்டும். சுவரில் இருக்கிற காலண்டரைப் படம் எடுத்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். எந்தப் படம் முதலில் வருகிறதோ அந்தப் போன் ஜெயித்தது.

ஸ்ரீகண்டன் சார் விசில் ஊதினார்.

நெல்லையப்பனின் போன் சிட்டாகப் பறந்தது. திறந்தது, எடுத்தது, அனுப்பியது. அறையில் இருந்த போன்களெல்லாம் கலகலவென்று மணியடித்தன. கோமதியம்மாள் மட்டும் தம் போனில் ராக்கெட் போய்ச் சேரக் காத்திருந்தார்.

"வந்நு! நெல்லையப்பன்றெ போட்டோ வந்நு!" என்று கூவினார் ஸ்ரீகண்டன் சார்.

அந்த நிமிஷத்தில் நெல்லையப்பனைப் பார்த்திருக்க வேண்டும்! போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அறையை வலம் வந்தார். கைகொடுத்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் கொடுத்தார். "சயின்ஸ் சார், சயின்ஸ்! கடுகு டப்பா, மஞ்சப்பொடி டப்பான்னு கதை சொன்னா நடக்குமா?" என்று ஒரு சிறு சொற்பொழிவு செய்தார். அங்கே நின்றபடியே ஜெயனைப் போனில் கூப்பிட்டு, "ரூமைப் போடுடே! அருவியைப் பாத்தாப்புல சன்னல் இருக்கணும்!" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொண்டாட்டியை நாலு பேர் முன்னால் ஜெயித்த மனுஷர். அவர் நெஞ்சு சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடித்தது.

பிரேமா நிதானமாகத் தன் போனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் புகை வந்தது.

"அது எந்தா, அவிடெ ஒரு ராக்கெட்?" என்றார் ஸ்ரீகண்டன் சார்.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன். ஜெயிச்சது அவரு போன்தானே? சந்தேகமில்லையே?"

"சம்சயமே இல்லா."

"அப்போ ரெண்டு போனையும் ஒருக்கா தொறந்து பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லுங்க."

ஸ்ரீகண்டன் சார் கண்ணாடியை மாட்டினார். நெல்லையப்பனின் போனைப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். துடைப்பம் இல்லை. பிரேமாவின் போனைத் தள்ளினார். கடைசிப் பக்கத்தில் துடைப்பம் சுகமாகச் சாய்ந்திருந்தது.

"கிளீனர் உள்ள போன் தோத்து. இல்லாத்த போன் ஜெயிச்சு," என்றார் அவர், ட்ரெஷரியில் பில்லைத் திருப்பி அனுப்புகிற அதே குரலில். "கண்டிஷன்படி, பாளையங்கோட்டை."

"சார்! அவ போன்ல ஆப் எப்படி வந்துது?" என்று அலறினார் நெல்லையப்பன். அலறிய பிறகுதான், அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாத ஒரே ஆள் தான்தான் என்பது உறைத்தது.

"அதானே?" என்றாள் பிரேமா. "நான் தேங்கா ஒடைக்கப் போயிருந்தேன். வீட்டுல வேற யாரு இருந்தா? நீங்களே சொல்லுங்க. ஒண்ணு, கிளீனர் சுத்த ஏமாத்துன்னு சொல்லுங்க. இல்லேன்னா, என் போனை யாரு தொட்டதுன்னு சொல்லுங்க."

அறையே அவரைப் பார்த்தது. போனைப் பூட்டாமல் அவள் வைத்துப் போனது மறதியால் இல்லை, பிள்ளையாரால் இல்லை என்பது அவருக்கு இப்போது வெயிலில் வைத்தமாதிரித் தெரிந்தது. திருடன் என்று பெயர் எடுப்பதா, முட்டாள் என்று பெயர் எடுப்பதா? நெல்லையப்பன் ஒரு கணம் எடைபோட்டார்.

"ஏமாத்து சார்!" என்று கர்ஜித்தார். "கிளீனர் ஆப் எல்லாம் சுத்த ஏமாத்து! எடுத்து வெச்ச கடுகு டப்பாவைத் தூக்கிப் பரண்ல போடற வேலை! இதை நாலு பேருக்கு நிரூபிச்சுக் காட்டணும்னுதான் நானே..."

பிரேமாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பதை இப்போதே பார்த்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் இருந்தது.

நெல்லையப்பனின் போன் அந்த நொடியே மணியடித்தது. ஜெயன்: 'ரூம் போட்டாச்சு. சன்னல் உண்டு.' துடைப்பம் இல்லாத போனில் செய்தி என்ன வேகமாக வருகிறது!

கோமதியம்மாள் ராக்கெட் நிற்காத தம் போனை நீட்டினார். "அப்போ இதை எப்போ எடுத்துத் தருவே டாக்டரு? ஞாயித்துக்கிழமை வாரியா?"

"ஞாயித்துக்கிழமை எங்க தம்பி வீட்டுப் பால்காய்ப்பு அக்கா," என்றாள் பிரேமா. "நாளைக்குக் காலையில, கடைக்குப் போறதுக்கு முன்னாடி, தெருவுல அவரு வெச்ச வாரியல் அம்புட்டையும் வீடு வீடா வந்து அவரே எடுத்துருவாரு."