மூழ்கிய கப்பலும் முடிச்சு குடிக்காத டீயும்

வரதராஜப் பெருமாளே தறியில் உட்கார்ந்து ஒரு பட்டுச் சேலை நெய்து கொண்டுவந்திருந்தாலும், 'முடிச்சு' அதைப் புரட்டிப் பார்த்து ஒரு குறை சொல்லியிருப்பார்.

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் சங்கத்தில் அவருக்குச் சேலை சோதிக்கும் வேலை. எனக்குப் பக்கத்து மேஜை. குறை கண்ட இடத்தில் சிவப்பு நூலால் முடிச்சுப் போடுவார். பெயர் அப்படி வந்தது. சேலை தன் மேஜையில் கிடக்கும்வரை அதை நெய்தவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

இது தெரிந்தும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பழைய போர்க்கப்பலைப் பற்றி ஆறு மாதம் உழைத்துக் கட்டுரை எழுதியிருந்தேன். கடலே இல்லாத ஊரில் உனக்கெதற்குக் கப்பல் என்று வீட்டில் ஒரே கிண்டல். 'நல்ல கட்டுரை' என்ற தகுதி கிடைத்தால் அவர்கள் வாயை அடைக்கலாம். அதற்கு வேறொருவர் படித்துச் சோதித்துத் 'தேறியது' என்று பதிய வேண்டும். தினமும் முடிச்சுக்கு டீ வாங்கித் தருவது நான்தான்; அப்படி ஒருநாள் குடிக்கும்போது அவரிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் பார்த்தால், சோதிப்பவராக முடிச்சு தன் பெயரைப் பதிந்திருக்கிறார்!

அன்றே டீ நின்றது. "உன் சரக்கு என் மேஜையில இருக்குதுபா. முடியட்டும்."

கட்டுரையை அச்சடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். எந்தத் தகவல் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்ற சான்றுகள் அங்கேதான் இருந்தன. "சேலைய பின்பக்கம் பார்க்கணும்பா. முன்பக்கம் எல்லாமே பளபளன்னுதான் இருக்கும்."

ஒரு வாரத்தில் கட்டுரை திரும்பி வந்தது. சந்தேகப்பட்ட வரியிலெல்லாம் ஊசியால் குத்திச் சிவப்பு நூல். கோயில் வேண்டுதல் மரம் தோற்றது!

எல்லாவற்றையும் திருத்தினேன், ஒன்றைத் தவிர. 'கடைசி மாலுமிவரை கொடிக்கு வணக்கம் செலுத்தியபடியே மூழ்கினார்கள்.' எழுதும்போது எனக்கே கண் கலங்கிய வரி.

"இது எங்கருந்து வந்துச்சு?"

"நெஞ்சுல இருந்து வந்துச்சு சார்."

"கடைசி ஆள் வரைக்கும் முழுகிட்டான்னா, கரைக்கு வந்து இத சொன்னது யாருபா?"

கோபத்தில் கட்டுரையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிறகு அவர் மூக்கை உடைப்பதற்காகவே பழைய செய்தித்தாள்களின் படிகளைத் தேடினேன். உடைந்தது என் மூக்கு. கப்பலின் சமையல்காரர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார், மீனவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். கொடியாவது வணக்கமாவது, மனிதர் அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தாராம்.

என் வரியை அடித்துவிட்டு அந்தச் சமையல்காரரைப் பற்றி எழுதினேன். முடிச்சு வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். செய்தித்தாளின் படியையும் கேட்டு வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொழச்சிக்கினான்பா!" என்றார், சொந்த மச்சான் கரையேறியதுபோல. "இத்தினி மாசமா நீ அவன சாவடிச்சி வெச்சிருந்தியே!"

கத்தரியால் நூலை வெட்டினார். கணினியில் 'தேறியது' என்று பதிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாபா, டீ சொல்லலியா?"

சொல்லவில்லை, நானே ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

அவர் ஓய்வுபெற்றுவிட்டார். இப்போதும் எதை எழுதினாலும் முதல் படி அவர் வீட்டுக்குத்தான் போகும். ஒரு நூல்கூட இல்லாமல் திரும்பி வந்தால், மனிதருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து உடனே கிளம்பிவிடுகிறேன்.