கணக்கில் ஏறாத மூன்று கிளாஸ் சிராப்

மலாக்கா மாநிலத்தில், சும்மா கிடைக்கிற தண்ணீரைக்கூடக் கட்டுப்படியாகுமா என்று யோசித்துவிட்டுக் குடிக்கிற மனிதர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் பெயர் மீட்டர் அண்ணன். புலாவ் செபாங் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவர் கண் ஓய்வு பெறவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான என் குழாய் சொட்டினால் எனக்கு முன்னால் அவருக்குத் தூக்கம் போய்விடும்.

ஒரு தடவை கிளேபாங் கடற்கரைச் சாலையில் தேங்காய் ஷேக் குடிக்கப் போனோம். சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்து அளக்கிற பிளாஸ்டிக் மூடியை எடுத்தார். ஐஸை ஒதுக்கிவிட்டு, எத்தனை மூடி பானம் என்று நின்ற இடத்திலேயே அளந்தார். பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கடைக்காரப் பெண் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அடுத்த முறை நாங்கள் போனபோது, அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஒரு கிளாஸ் தளும்பத் தளும்பத் தயாராக இருந்தது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். மிச்சத்தைச் சொல்லும்போது சிரிக்க நான் இன்னும் பழகவில்லை.

அலோர் காஜாவில் ஒரு பேரங்காடி நடத்திய குலுக்கலில் அண்ணனுக்கு இரண்டு பேருக்கான கப்பல் பயணம் விழுந்தது. சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய்த் திரும்ப வேண்டும், நான்கு நாள். அறையும் சாப்பாடும் இலவசம். அவர் மனைவி கப்பலில் கால் வைக்கமாட்டேன் என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அதனால் அந்த இன்னொரு இடம் எனக்குக் கிடைத்தது.

சாப்பாடுதான் இலவசம், பானங்களுக்குத் தனிக் காசு. அதற்கென்று டிரிங்க்ஸ் பேக்கேஜ் ஒன்று விற்கிறார்கள். நாளுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே கட்டிவிட்டால் எத்தனை கிளாஸ் வேண்டுமானாலும் குடிக்கலாம். இது கட்டுப்படியாகுமா என்று இன்றும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பீர், ஒயின் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆகலாம். மீட்டர் அண்ணனும் நானும் அதைத் தொடுவதில்லை என்பதால் ஜூஸ், காப்பி, காஸ் பானம் மட்டும் உள்ள மலிவுப் பேக்கேஜை எடுத்தோம். எடுத்தோம் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. ஒரே அறையில் இருப்பவர்களில் ஒருவர் எடுத்தால் மற்றவரும் எடுத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

பஸ்ஸிலேயே அண்ணன் கணக்கை முடித்துவிட்டார். ஒரு நாளைக்கு ஏழு கிளாஸ் குடித்தால் போட்ட காசு திரும்பும். எட்டாவதிலிருந்து லாபம். "உனக்கும் ஏழுலா தம்பி. நீ குறைச்சா நான் சேத்துக் குடிக்க முடியாது. கணக்கு ஏறுற ரூம் கார்டு வேற வேற" என்றார். முழுங்கும் வேகத்தைச் சொல்லிக்கொடுக்காததுதான் குறை.

சிங்கப்பூரைவிட்டுக் கப்பல் கிளம்பும்போது புகைமூட்டம் இறங்கியிருந்தது. சுமத்ராவில் காடு எரிந்தால் நம் பக்கம் வருஷா வருஷம் வருகிற அதே புகைதான். ஆனால் கடலில் அது வேறு மாதிரி இருந்தது. கரை தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. வெள்ளைத் துணிக்குள் யாரோ எங்களை வைத்துக் கட்டிவிட்டதுபோல இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை கப்பல் ஊதும். பதிலுக்கு எங்கிருந்தோ இன்னொரு கப்பல் ஊதும். அது எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியாது.

ஏறிய ஒரு மணி நேரத்தில் அண்ணனுக்கு முதல் அடி விழுந்தது. ஒன்பதாவது தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் காப்பியும் தண்ணீரும் எல்லோருக்குமே இலவசம். பேக்கேஜில் பாதிக்கு வேலையே இல்லை. இரண்டாவது அடி, ஒரு கிளாஸ் வாங்கினால் கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. மருந்து மூடியால் அளந்து பார்த்ததில் ஆரஞ்சு ஜூஸில் பாதிக்கு மேல் ஐஸ். அவர் முகம் தண்ணீர் நின்றுபோன மீட்டர்போல ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் பின்தளத்துக்குத் தனியாகப் போனவர் உற்சாகமாகத் திரும்பி வந்தார். அங்கே ஒரு சின்னக் கடை இருக்கிறதாம், கூட்டமே இல்லையாம். ஒரு தமிழ்ப் பையன் கேட்காமலேயே சிராப் கொண்டுவந்து கொடுத்தானாம். நம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற அதே சிவப்பு ரோஜாச் சர்பத். ஊர் எது என்று கேட்டதற்கு சிம்பாங் அம்பாட் பக்கம் என்றானாம்.

"நம்ம ஊர்ப் பையன்லா. ஆனா கார்ட நீட்டுனா வாங்க மாட்டேங்கிறான். நீங்க குடிங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்ங்கிறான். கார்ட தட்டலன்னா கணக்குல எப்படி ஏறும்?"

அவர் கவலை அவருக்கு. அது ஏறியிருந்தால் அன்றைக்கு ஏழு ஆகியிருக்கும், ஆறில் நின்றுவிட்டது.

மறுநாள் கப்பல் பினாங்கில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அண்ணன் இறங்க மறுத்துவிட்டார். இறங்கினால் நாலு கிளாஸ் நஷ்டம் என்றார். நான் மட்டும் கரைக்குப் போய் மதியம் திரும்பினேன். கப்பல் காலியாக இருந்தது. நீளமான நடைக்கூடத்தில் என் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பின்தளத்துக்குப் போக ஒரே வழி, ஒரு கண்ணாடிக் கதவு. அதன் வழியாக அண்ணனைப் பார்த்தேன். நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தை உயர்த்தி எதிரே நிற்கிற யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். சிரித்தார். கையில் அறைக் கார்டை நீட்டிக்கொண்டிருந்தார். எதிரே புகை மட்டும்தான் இருந்தது.

கதவைத் திறந்தேன். எரிந்த காட்டின் வாடைக்கு நடுவே ரோஜாச் சர்பத் வாசனை குப்பென்று வந்தது.

"யாருகூட பேசிட்டு இருந்தீங்கண்ணே?"

"அந்தப் பையன்தான். இப்பதானே போனான். உன்ன இடிச்சிட்டுத்தானே போயிருக்கணும்?"

என்னை யாரும் இடிக்கவில்லை. மேசையில் பாதி குடித்த கிளாஸ் இருந்தது, ஐஸ் இன்னும் கரையாமல். நான் எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இனிப்புக்கு அடியில் உப்புக் கரித்தது. அந்தப் பக்கம் கடை என்று அண்ணன் சொன்ன இடத்தில் தகரக் கதவு இறக்கிப் பூட்டியிருந்தது. பூட்டில் கடல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் அதைக் காட்டினேன். அவன் மூடிவிட்டுப் போயிருப்பான் என்றார் அண்ணன்.

சாயங்காலம் அண்ணன் கப்பலின் வரவேற்புக் கவுண்டருக்குப் போய்த் தகராறு செய்தார். நான் பார்த்த தகராறுகளிலேயே விசித்திரமானது அதுதான். மற்றவர்கள் குடிக்காததற்குக் கணக்கு எழுதிவிட்டார்கள் என்று சண்டை போடுவார்கள். இவர் குடித்ததை எழுதவில்லை என்று சண்டை போட்டார். கவுண்டரில் இருந்தது சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். சிராப் என்று ஒரு பானமே எங்கள் பட்டியலில் இல்லை அங்கிள் என்று பொறுமையாகச் சொன்னாள். கொடுத்தவர் பெயரைச் சொன்னால் விசாரிக்கிறேன் என்றாள். சட்டையில் பெயர்ப் பட்டை இருந்தது, கண்ணாடி போட்டுப் படிக்கவில்லை என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் நடுக்கடல். புகை இன்னும் கெட்டியாகியிருந்தது, கப்பல் ஊதுவது நிற்கவே இல்லை. நாலு மணிக்கு அண்ணன் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அன்னாசி ஜூஸோடு உட்கார்ந்தேன். எனக்கு அது ஐந்தாவது. கதவுக்கு அந்தப் பக்கம் புகை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது, எதுவும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவரே கதவைத் திறந்துகொண்டு வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழை இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பெயரைப் படித்தீர்களா என்று கேட்டேன். ஆமென்று தலையாட்டினார். அன்று ராத்திரி அவர் ஒரு கிளாஸ்கூடக் குடிக்கவில்லை. எத்தனை பாக்கி என்று என்னையும் கேட்கவில்லை.

கடைசி நாள் காலையில் கவுண்டர்ப் பெண் அவளாகவே கூப்பிட்டாள். நன்றாக விசாரித்துவிட்டாளாம். அந்தப் பின்தளக் கடை இந்தப் பயணத்தில் திறக்கவே இல்லை. புகை காரணமாக அங்கே யாரையும் வேலைக்குப் போடவில்லை.

"யாரு குடுத்தாங்க அங்கிள்? பேரு பாத்தீங்களா?"

"இல்லம்மா, வயசாச்சு. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எழுத வேணாம், விடு" என்றார் அண்ணன்.

அவர் ஒரு கணக்கை விட்டுக்கொடுத்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பட்டையில் என்ன பெயர் என்று கேட்டேன்.

"மணியம்" என்றார். "என் தம்பி."

அவருக்குத் தம்பி ஒருவர் இருந்தது பதினாறு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. துண்டு துண்டாகச் சொன்னார். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் இருவரும் பிறந்து வளர்ந்தார்கள். வெயிலில் வேலை முடிந்து அண்ணன் வந்தால் மணியம் சிராப் கலந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுப்பாராம். இதே வழியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பயணிகள் கப்பலில் பரிமாறும் வேலை வந்தது. அப்போது மணியத்துக்கு இருபத்து நான்கு வயது. ஒரு நாள் கப்பல் கரைக்கு வந்தபோது அவர் மட்டும் அதில் இல்லை. எப்போது விழுந்தார், எங்கே விழுந்தார், யாருக்கும் தெரியவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"அவன் போகமாட்டேன்னுதான்லா சொன்னான். தண்ணின்னா அவனுக்குப் பயம். நான்தான் தாள எடுத்து எழுதிக் காட்டுனேன். தங்க இடம் சும்மா, சாப்பாடு சும்மா, சம்பளம் அப்படியே மிச்சம். ரொம்ப லாபம்டான்னேன்." கையை விரித்துப் பார்த்தார். "அந்த ஒரு கணக்கு தப்பாப் போச்சு. அதுலேருந்து எதையும் ரெண்டு தடவ பாக்காம விடுறதில்ல."

நேற்று என்ன பேசினீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"ஒண்ணும் பேசல. நல்லா இருக்கியாடான்னு கேட்டேன். இருக்கேண்ணேன்னான். அதே வயசு. அத்தன வருஷமாச்சா, மொதல்ல அந்த மொகம் எனக்குப் பிடிபடவே இல்ல. கிளாஸ குடுக்கும்போது கை பட்டுச்சு, ஜில்லுன்னு இருந்துச்சு. முழுசா குடிங்கண்ணேன்னான். குடிச்சேன்."

நான் படித்தவன். புகையில் வயதானவர்களுக்குத் தலை சுற்றும், கண் ஏமாற்றும் என்று எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அந்த உப்பு என் நாக்கிலும் பட்டிருந்தது.

சிங்கப்பூரில் இறங்கும் இடத்தில் கப்பல் பணியாளர்கள் இரண்டு வரிசையாக நின்று கையசைத்தார்கள். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். வரிசை முடிந்ததும் கரையில் இறங்கி, திரும்பி நின்றுகொண்டார். பயணிகள் எல்லோரும் போய்விட்டார்கள். பணியாளர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். புகைக்குள் பாதி மறைந்திருந்த பின்தளத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மலாக்காவுக்கு வாங்கி வைத்திருந்த பஸ் டிக்கெட்டுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் பையையும் என் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.