கோணஸ்டாட் அண்ணனின் ஆட்சேபம்

போட்டோஸ்டாட் மெஷின் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை, ஒரு காகிதத்தைக்கூட நேராகப் பிரதி எடுக்காத ஒரே மனிதர் எங்கள் கோணஸ்டாட் அண்ணன்தான். கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். பையிலிருந்து அத்தாட்சியை உருவிக் காட்டுவார்கள்.

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் பிரதியில் நான் பிறந்த வருடம் இல்லை. எங்கள் ரேஷன் கார்டின் பிரதியில் அப்பாவே இல்லை; அம்மாவும் நானும் ஆதரவற்றவர்களாக நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த பத்திரப் பிரதியில் மேற்கு எல்லை வெட்டுப்பட்டு, அவருடைய மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் அரபிக்கடல் வரைக்கும் நீண்டுவிட்டது. எந்த ஆபீசுக்குப் போனாலும் கிளார்க் காகிதத்தை வாங்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படித்துவிட்டு, "கோணஸ்டாட்டா?" என்று கேட்பார். நாங்கள் குற்றவாளி மாதிரித் தலையாட்டுவோம்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அண்ணனின் கழுத்தில். காகிதத்தை வாங்கியதும் முகத்தை வெடுக்கென்று ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார். கையால் தடவித் தடவி அதைக் கண்ணாடியில் வைப்பார், மூடியை அடைப்பார், வெளிச்சம் ஓடி முடிகிறவரை போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அடுத்தவர் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தன் கண்ணில் படக்கூடாது. அவ்வளவுதான் அவருடைய கொள்கை. வேலைக்கு விண்ணப்பிக்கிற அவசரத்தில் ஒருநாள் நான் கெஞ்சினேன், ஒரு தடவையாவது பார்த்து எடுக்கும்படி.

"உனக்க கடலாசுல உனக்க காரியம் கெடக்கும். அத நான் எதுக்கு மக்கா பாக்கணும்? கோணினா கடலாசுதானே கோணும்" என்றார், பூவாறு பஸ்ஸைப் பார்த்தபடி.

இத்தனைக்கும் அந்தக் கடை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. திருப்புறத்திலிருந்தும் அதியன்னூரிலிருந்தும்கூட ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். வருகிறவர்கள் காகிதத்தை மடித்து, கைக்குட்டைக்குள்ளோ பைபிளுக்குள்ளோ வைத்துக் கொண்டுவருவார்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வக்கீல் நோட்டீஸ், விவாகரத்து மனு. நேரான பிரதி வேண்டியவர்கள் ஜங்ஷனில் உள்ள ஏசி கடைக்குப் போனார்கள். ஊர் அறியாமல் பிரதி வேண்டியவர்கள் கோணஸ்டாட்டுக்கு வந்தார்கள்.

அண்ணனுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. அரசாங்கம் எதைப் பற்றியாவது "பொதுமக்கள் கருத்துகளும் ஆட்சேபங்களும் தெரிவிக்கலாம்" என்று நோட்டீஸ் ஒட்டினால், அது தனக்கென்றே வந்த கல்யாண அழைப்பிதழ் என்று எடுத்துக்கொள்வார். ரோட்டை அகலப்படுத்துவது, கள்ளுக்கடை மாற்றுவது, பஸ் கட்டணம் ஏற்றுவது, எதையும் விடமாட்டார். கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஆட்சேபத்தைத் தமிழில் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். மலையாளத்தில் கேட்டதற்குத் தமிழில் பதில் எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். விளித்தவனுக்கு வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் புதிய ஆரோக்கிய இன்சூரன்ஸ் படிவம் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் போர்டில் அதன் மாதிரியை ஒட்டி, முப்பது நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் எல்லோரும் அதைக் கடந்துபோய்ப் பக்கத்தில் ஒட்டியிருந்த தண்ணீர் வரும் நேரத்தைப் படித்தோம். அண்ணன் மட்டும் நின்று முழுதாக வாசித்தார். யாருடைய காரியமும் எழுதப்படாத வெற்றுப் படிவம் என்பதால் அதைப் பார்ப்பதில் அவருக்குத் தடை இருக்கவில்லை.

வாசித்தவர் கொதித்துப்போனார். உங்களுக்கு என்ன நோய், எத்தனை வருடமாக, என்ன மருந்து, உங்கள் தாய்க்கு என்ன, தகப்பனுக்கு என்ன, வீட்டில் யாருக்காவது மனது சரியில்லாமல் இருந்தது உண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்டிருந்தது. வீட்டில் எத்தனை மின்விசிறி என்றும் கேட்டிருந்தது. காய்ச்சலுக்கும் மின்விசிறிக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் ஒரு வாரம் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், இந்த விவரங்கள் தேவைப்படும் எவருக்கும் கொடுக்கப்படலாம் என்று ஒரு வரி.

ஆட்சேபம் எழுதி வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தார். யாரும் போடவில்லை. கையெழுத்துப் போட்டால் இன்சூரன்ஸ் கார்டு போய்விடும் என்று பயம். ஒருவர் மட்டும் போட்டார்; அவர் ரோட்டில் விளக்குப் போடுவதற்கான மனு என்று நினைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான், பத்திரிகையில் எழுதுகிற பெரிய மனிதன், பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து நீட்டினார். அப்போதும் நான் வாங்கவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெண். அக்காவா, தங்கையா, சித்தியா என்பது இங்கே வேண்டாம். அவளுக்கு அடுத்த மாதம் ஒரு ஆபரேஷன் வைத்திருந்தது. அந்தக் கார்டு இல்லாமல் அது நடக்காது. ஆனால் ஆபரேஷனுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு நோய்க்கு அவள் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அது எங்கள் நான்கு சுவருக்குள் மட்டும் தெரியும். படிவத்தில் எழுதினால் ஊருக்குத் தெரியும். மறைத்தால் கார்டு ரத்தாகும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அவள் மகளுக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம்.

முப்பது நாள் முடிவதற்குள்ளேயே விவரம் எடுக்கிற வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கென்று அனுப்பப்பட்ட பையனுக்கு ஊர் வைத்த பெயர் டேட்டாக்காரன். நல்ல பிள்ளைதான், ஆனால் கால் வலிக்க வீடு ஏற மனமில்லை. எங்கள் சர்ச்சில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளுக்காக ஜெபிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்போம். அதை ஒரு நோட்டில் பதிவுசெய்து, ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வாசித்து ஜெபிப்பார்கள். அந்த நோட்டு டேட்டாக்காரன் கண்ணில் பட்டது. வார்டே இதற்குள் இருக்கிறதே என்று மகிழ்ந்து, சர்ச் ஊழியரான கப்பியாரிடம் அதைக் கேட்டு வாங்கி, நோய் என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றிவிட்டான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் சரிபார்ப்பு. வார்டு முழுக்க வரவேண்டும் என்று பஞ்சாயத்து மெம்பர் சொல்லியிருந்ததால் அம்மன் கோயில் பக்கத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவராகக் கோணஸ்டாட் அண்ணனும், இஸ்திரிச் சட்டையோடு.

டேட்டாக்காரன் மைக்கில் வாசிக்க ஆரம்பித்தான். கோயில் பக்கத்துக்காரர்கள் பெயர் சர்ச் நோட்டில் இல்லாததால், அத்தனை பேரும் நோய் நொடியற்றவர்களாகியிருந்தார்கள். வாதத்தில் படுத்து ஆறு வருடமான ஒருவரை முழு ஆரோக்கியம் என்று அறிவித்தபோது அவர் மருமகளே கைதட்டினாள். பால்கார ரோசம்மா தன் பசுவுக்காகக் கொடுத்திருந்த சீட்டு, மடிவீக்கம் என்று ரோசம்மா பெயரிலேயே ஏறியிருந்தது. குடிகாரப் புருஷன் திருந்த ஜெபம் கேட்டிருந்த டீச்சரைப் பெருங்குடியர் என்று வாசித்தான். ஹால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு எங்கள் வீட்டுப் பெயர் வந்தது.

சீட்டு எழுதுகிறவர்களில் சிலர் காரியத்தைச் சொல்லமாட்டார்கள். 'சொல்லாத விண்ணப்பம்' என்று மட்டும் எழுதுவார்கள். அதையும் அப்படியே வாசித்து, ஆமென் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் எங்கள் வழக்கம். யாருடையது என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுப் பெண் மாதாமாதம் எழுதியது அதுதான். கப்பியாரின் நோட்டில் பெயர் இருந்திருக்கிறது.

"நோய், சொல்லாத விண்ணப்பம்" என்று வாசித்தான் டேட்டாக்காரன். நிமிர்ந்து பார்த்தான். "இது என்ன நோயாக்கும்? அப்படி ஒண்ணு லிஸ்டுல இல்லியே. கொஞ்சம் எழும்பிச் சொல்லணும்."

சிரிப்பு நின்றது. அவள் எழுந்து நின்றாள். கட்டத்தை நிரப்பாவிட்டால் கார்டு புதுப்பிக்க முடியாது என்று மெம்பர் நல்லபடியாகவே விளக்கினார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது பின்வரிசையில் நாற்காலி உரசுகிற சத்தம் கேட்டது. அண்ணன் நேராக மைக்குக்கு நடந்துபோய், டேட்டாக்காரன் கையிலிருந்த படிவத்தை வாங்கி, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஆட்சேபம் உண்டு" என்றார்.

மெம்பருக்குக் கோபம் வந்தால் மலையாளம்தான் வரும். "சேட்டா, இது சர்க்காரின்றெ காரியமாணு. அவிடெ இரிக்கூ" என்று நாற்காலியைக் காட்டினார். பிறகு கொஞ்சம் தணிந்து, ஞாயிறுதோறும் நீங்களே மைக்கில் சொல்லுகிற நோயை இன்று சொல்ல என்ன தடை என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில், ஒரு ஆராதனைக்கும் வராத கோணஸ்டாட் அண்ணனிடம் இருந்தது.

"அது இவங்களே எழுதிக் குடுக்கது. கேக்கது கர்த்தரு. அவரு கேட்டத வேற யாருக்கும் குடுக்கமாட்டாரு. இந்தக் கடலாசுக்க அடியில, யாருக்கு வேணுமின்னாலும் குடுப்போமுன்னு எழுதீட்டுண்டு. பின்ன, முப்பது நாளு இன்னும் தீரல்ல. கருத்துச் சொல்ல விளிச்சிட்டு, சொல்லதுக்கு முன்ன இலையப் போட்டு சோறு வெளம்பினா அது என்ன மரியாதை?"

சர்க்கார் காரியத்தைத் தடுத்தால் கேஸ் வரும் என்றார் மெம்பர். கேஸ் காகிதத்துக்கும் தன் கடையிலேயே பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். பிறகு அவளைப் பார்த்து, "மக்கா, நீ சொல்லாண்டாம். எழுதணுமின்னா உனக்க கையால எழுதி ஒரு கவருல போட்டு ஒட்டு. அதுவரை நான் பாக்கமாட்டேன்" என்று சொல்லி, படிவத்தையும் பேனாவையும் அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

முதலில் திரும்பியது பால்கார ரோசம்மா. பசுவின் நோயைத் தன் தலையில் கட்டிய ஆத்திரம் அவளுக்கு. நாற்காலியை ஒரே இழுப்பில் திருப்பிப் போட்டு, ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அடுத்து டீச்சர். வாதக்காரரின் மருமகள். ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று திரும்பித் திரும்பி, சர்ச்சுக்காரர்களும் கோயிலுக்காரர்களும் மொத்தமாகச் சுவரைப் பார்த்தார்கள். கப்பியார் எழுந்துபோய் மைக்கை அணைத்தார். நோட்டைக் கொடுத்த குற்ற உணர்ச்சி அவருக்கு இருந்திருக்கும். கடைசியில் டேட்டாக்காரனும் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி நின்றான். மெம்பர் மட்டும் கொஞ்ச நேரம் எங்கள் முதுகுகளைப் பார்த்துவிட்டு, தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அமைதியில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் எழுதி, கவரில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். அதற்குப் பிறகு அந்த வார்டில் எல்லோரும் கவர்தான் கொடுத்தார்கள், ரோசம்மா உட்பட. நான் அண்ணனின் கடைக்குப் போய் ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் வரிசை இருந்தது.

பல மாதம் கழித்து, கருத்து கிடைத்தது என்று மலையாளத்தில் ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த முறை வந்த படிவத்தில், எவருக்கும் கொடுக்கலாம் என்ற வரி இல்லை. அது எங்கள் ஆட்சேபத்தாலா, வேறு யாராலோ, தெரியாது. அண்ணன் அதற்கெல்லாம் அசரவில்லை. மின்விசிறி இன்னும் இருக்கிறதே என்று அடுத்த ஆட்சேபம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பிரதி எடுக்க அவளே என்னோடு வந்தாள். அண்ணன் காகிதத்தை வாங்கியதும் ரோட்டுப் பக்கம் திரும்பினார். பிரதி வழக்கம்போலக் கோணிக்கொண்டு வந்தது. கொடுக்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்த்து, "சுகமா மக்கா?" என்றார். அவள் தலையாட்டினாள். ஆபீசில் கிளார்க் தலையைச் சாய்த்து, "கோணஸ்டாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்று சத்தமாகச் சொன்னேன்.

அவளுக்கு என்ன நோய் என்று இவ்வளவு நேரமும் தேடியிருப்பீர்கள். எழுதிய இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அண்ணன் கடையில் பிரதி எடுத்தேன். அந்த வரி வெட்டுப்பட்டுப் போயிற்று.