அம்மா கேட்ட அடையாளச் சான்று

அறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் அறத்தோடு நடக்க வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் போட்டிருக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 'செயற்கை நுண்ணறிவும் அறமும்' என்ற பாடத்தை வாங்கிக்கொண்டேன். (வாங்கிக்கொண்டேன் என்பது கௌரவத்துக்கு. மற்றவர்கள் நழுவிவிட்டார்கள்.)

அன்றைக்குத் துறைத்தலைவர் மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அந்த வகுப்பு அவருக்குப் பிடித்தால்தான் என் வேலை நிரந்தரம். அசத்திவிடுவது என்று, என் குரலை அப்படியே போலிசெய்து மடிக்கணினியில் வைத்திருந்தேன். அந்தக் குரல் எருமப்பட்டியில் இருக்கும் என் அம்மாவிடம் ஓடிபி கேட்கும், அம்மா ஏமாறுவார், மாணவர்கள் திகைப்பார்கள், மேடம் தலையாட்டுவார். இதுதான் திட்டம்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா எடுத்ததும் மடிக்கணினி பேசியது: "அம்மா, நாந்தானுங்க. சாப்பிட்டீங்களா? உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க."

"யாருங்க நீங்க?" என்றார் அம்மா. (திருடனுக்கும் 'ங்க' போடுவது எங்கள் ஊர் வழக்கம்.) "எம்பையன் ஒருநாளும் நான் சாப்பிட்டனான்னு கேட்டதில்லீங்க."

வகுப்பு சிரித்தது. பதறிப்போய்ச் சொந்தக் குரலில், நான்தான் என்றேன். இப்போது பேசினவனுக்கும் இதே குரல்தானே என்று அம்மா மடக்கினார். போலீசுக்குச் சொல்லப்போவதாகவும் மிரட்டினார்.

"நெசமாலுமே எம்பையன்னா, எதைக் கண்டா உனக்குப் பயம்னு சொல்லு."

எங்களுடையது கோழிப்பண்ணைக் குடும்பம். எதிரே இருந்தவர்களிலும் பாதிப் பேர் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தேன். அவசரத்தில் வேறு பொத்தானை அழுத்தியதில் சத்தம்தான் கூடியது.

"கோழிங்க," என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "அம்மாகிட்ட முன்னாடியே சம்மதம் கேட்டீங்களாங்க சார்?" என்றாள். முந்தின வகுப்பு முழுக்கச் சம்மதத்தைப் பற்றித்தான் நான் தொண்டை கிழியப் பேசியிருந்தேன். இன்னொருவன் கேட்டது அதைவிட மோசம். பெற்ற மகன் விசாரிக்காததை மெஷின் விசாரித்தால் அது நல்லதா, கெட்டதா? ஏமாற்றத்தானே விசாரித்தது என்றார்கள் சிலர். அப்படியாவது ஒருவர் கேட்டாரே என்றார்கள் சிலர். மணி அடித்தும் யாரும் எழவில்லை. வெட்கத்தை மறந்து, அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடம் வேலையை நிரந்தரமாக்கினார். "கிளாஸ் நல்லாருந்துச்சுங்க, ஆனா உங்களால இல்ல," என்று சொல்லவும் மறக்கவில்லை.

இப்போது தினமும் அம்மாவைக் கூப்பிட்டு, சாப்பிட்டாரா என்று கேட்கிறேன். அம்மா உடனே பதில் சொல்வதில்லை.

"எதைக் கண்டா பயம்?"

"கோழிங்க."

"சாப்பிட்டேன் சாமி."